பதினான்கு கணு

வேனைப் பூட்டுவதற்கு முன் அதன் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "எல்லாம் எறங்கியாச்சு" என்பார். அதற்கப்புறம்தான் சாவி. காலையில் பள்ளி வாசலில் ஒரு தடவை, மாலையில் கடைசிப் பிள்ளையை விட்ட பிறகு ஒரு தடவை. எங்கள் வீடுதான் கடைசி நிறுத்தம் என்பதால், நான் விடுப்பில் இருக்கும் நாட்களில் அதைக் கேட்டிருக்கிறேன். மாட்டை அடக்குவதுபோல இருக்கும் அந்தத் தட்டு.

மூன்று வருஷம் என் மகள் இனியாவைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவர் அவர். பிள்ளைகளுக்கு வேன் மாமா. எங்களுக்கு பாய். பரங்கிப்பேட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூல் கட்டியிருக்கும். சிகரெட்டை விடுவதற்காகப் பழகிய கிராம்பு எப்போதும் கன்னத்தில் இருக்கும். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு முறை அதை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன், அது போதும்.

அவரை நினைத்தால் முதலில் வருவது அவருடைய வலது கைக் கட்டைவிரல். அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும், தொழுகைக்குப் பிறகு எண்ணுவதுபோல. நான்கு விரல்களுக்கு மும்மூன்று கணு, கட்டைவிரலுக்கு இரண்டு. ஒரு கைக்குப் பதினான்கு. அவர் வேனில் பதினான்கு பிள்ளைகள். பதினைந்தாவதை அவர் ஏற்றியதே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வங்கி மேலாளர் தன் மகனைச் சேர்க்கச் சொல்லி நேரில் வந்து கேட்டார்.

"எடமில்ல சார்."

"பின்னாடி ரெண்டு சீட்டு காலியா கெடக்கே பாய்?"

"வண்டியில இருக்கு சார். கையில எடமில்ல."

மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை, கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

வேனில் நடந்த விளையாட்டு இது. கடைசிப் பிள்ளை ஏறியதும் எதிரே வருகிற முதல் வண்டியின் நம்பர் பலகையைப் பார்ப்பார். எண்கள் வேண்டாம், எழுத்துகள் மட்டும். டி, என், ஏ, கே என்று சத்தமாகச் சொல்வார். காலையில் பள்ளி, மாலையில் வீடு போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நான்கு எழுத்தும் உள்ள ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். எந்த வரிசையில் இருந்தாலும் சரி, நடுவில் வேறு எழுத்துகள் வந்தாலும் சரி. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஓர் எழுத்து இருந்தால் போதும், யூ.கே.ஜி.க்கு இரண்டு. சட்டங்கள் இரண்டே இரண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் சொல்ல வேண்டும், வண்டிக்குள்ளிருந்து சொன்னால் செல்லாது.

டேங்க், தேங்க்ஸ், பிளாங்கெட். ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டைவிரல் ஒரு கணு நகரும். எழுத்துக்கூட்டிச் சொல்லவில்லை என்றால் நகராது. அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்து தெரியும், வாசிக்க வராது. பாதி வார்த்தைகளுக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது, அதில் வெட்கமும் இல்லை. "அர்த்தத்த மிஸ் சொல்லித் தருவாங்க. எனக்கு எழுத்து இருந்தா போதும்" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கும் இது பிடித்துத்தான் இருந்தது. பிள்ளை இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறாள் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் பயந்த சுபாவம் உள்ளவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை, வீடு சிதம்பரத்தில். கணவர் கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர், விடியும்போதே கிளம்பிவிடுவார். நான் எட்டேகால் பஸ்ஸில் ஏறினால் மாலை ஏழு மணிவரை எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரச் சாலை கிடக்கும். அந்தச் சாலையில் என்னென்ன நடக்கலாம் என்று யோசிப்பதுதான் என் பயணம். யோசிப்பவளுக்கு ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. எனக்கு அகப்பட்டது அவருடைய எழுத்து.

முதலில் இனியாவின் அழுகை. பாதி தோசையில் கையை வைத்துக்கொண்டு, "நாளைக்கு எக்ஸ் வந்தா இன்னாம்மா பண்றது?" என்று கேட்டாள். அவளுக்குப் பிடித்த வார்த்தை எலிஃபன்ட். எழுத்து பொருந்துகிற நாட்களில் அவளுக்கு முன்னால் இறங்குகிறவர்கள் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். அன்றெல்லாம் முகம் வீங்கித்தான் வீட்டுக்கு வருவாள்.

பிறகு ஒரு மழை நாள். பகலிலேயே பள்ளியை விட்டுவிட்டார்கள். நானும் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தேன். கிள்ளை ரோட்டில் தண்ணீர் என்று வேன் ஒரு மணி நேரம் தாமதம். நான் குடையோடு வாசலில் நின்றேன். வேன் வந்தது. இனியா இறங்கினாள். நான் குடையை நீட்டினேன். அவர் இருக்கையிலிருந்து இறங்கி வந்து அவளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"வார்த்தை பாப்பா."

"பாய், மழையில நனையுது குழந்தை."

"ஒரே ஒரு வார்த்தை இனியா அம்மா."

"நாளைக்குச் சொல்லுவா. விடுங்க."

"நாளைக்கு சொல்றது நாளைக்கு கணக்கு."

அவள் யோசித்தாள். மூன்று பேரும் நனைந்தோம். கடைசியில் அவள் ஏதோ சொன்னாள், கட்டைவிரல் நகர்ந்தது. தட்டு, தட்டு. எல்லாம் எறங்கியாச்சு. அவர் போன பிறகு நான் அவளுடைய தலையைத் துவட்டிக்கொண்டே, இந்த மனுஷனுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்று தீர்மானித்தேன்.

மூன்றாவதாக, ஒரு நாள் நானே ஸ்கூட்டரில் வேனின் பின்னால் போனேன். எதிரே ஒரு லாரி. பலகையில் சேறு. எழுத்து தெரியவில்லை. அவர் வேகத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, திரும்பிப் பார்த்துப் படித்தார். இரண்டு விநாடிதான் இருக்கும். அந்த இரண்டு விநாடியும் பதினான்கு பிள்ளைகள் சாலையில், ஓட்டுகிறவர் கண் லாரியின் பின்னால். நான் அங்கேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். அந்தப் பயம் பொய்யில்லை, இப்போதும் சொல்கிறேன்.

மனு எழுதுவதும் வந்த மனுவுக்குப் பதில் எழுதுவதும்தான் என் வேலை. பொருள்: பள்ளி வாகன ஓட்டுநரின் கவனக்குறைவு குறித்து. ஒன்று, சாலையில் கவனம் சிதறுகிறது. இரண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேவையற்ற தாமதம். மூன்று, குழந்தைகளுக்கு மன உளைச்சல். ஒன்பது பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன். வாங்குவது கஷ்டமாக இல்லை. எல்லோருக்கும் அலுவலகத்துக்கு நேரமாகிறது.

முதல்வர் அறையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் இருந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார்.

"வேனை நிறுத்தச் சொல்லல பாய். அந்த விளையாட்டை மட்டும் நிறுத்துங்க" என்றார் முதல்வர்.

"எழுத்து இல்லாம என்னால வண்டி பூட்ட முடியாது மேடம்."

யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

"எண்ணத்தான் செய்யறீங்கன்னா பேர் கூப்பிடுங்களேன். நாங்க அட்டெண்டன்ஸ் எடுக்கலியா?"

"பேர் கூப்பிட்டா ஒண்ணுக்கு ஒண்ணு எஸ் சொல்லிக்கும். தல எண்ணுனா ஓடிக்கிட்டே இருக்கும். வார்த்தைன்னா அததுதான் யோசிக்கணும். தூங்குற புள்ள யோசிக்காது."

அவர் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அந்த அறையில் இருந்த ஒருவர் காதிலும் கடைசி வாக்கியம் விழவில்லை. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் மனுவின் இரண்டாவது பத்தியை மனத்தில் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பதிலாக வேறு வேன் வந்தது. புதுசு. இருபத்திரண்டு பிள்ளைகள். ஓட்டுநர் சின்ன வயசு, கண் சாலையை விட்டு நகராது. பாட்டு மட்டும் சத்தமாக வைப்பார். வாசலில் ஹாரன் அடித்தால் பத்து விநாடியில் பிள்ளை உள்ளே இருக்கும், கதவு சாத்திவிடும். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

போன பிப்ரவரியில் ஒரு காலை. இனியாவுக்குச் சளி, லேசான காய்ச்சல். அன்று எங்கள் அலுவலகத்தில் தணிக்கை, விடுப்பு கிடைக்காது. நாலாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், இனியாவுக்கு உடம்பு சரியில்லை, இன்று வர மாட்டாள் என்று போட்டேன். வீட்டுக்கார அக்காவிடம் விட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அக்கா ஊருக்குப் போயிருந்தார். இனியாவைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இறங்கியிருந்தது. சளி மருந்து ஒரு மூடி கொடுத்து, கிளப்பி, ஹாரன் அடித்ததும் ஏற்றிவிட்டேன். குழுவில் போட்டதை அழிக்க மறந்துவிட்டேன். அந்த மருந்து தூக்கம் வர வைக்கும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. அதையும் பிறகுதான் படித்தேன்.

பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்படி ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் நான் முழுதாகக் கேட்டதில்லை. வேன், தூங்கிட்டா, மயக்கம், ஆஸ்பத்திரி என்பவை மட்டும் காதில் விழுந்தன.

கடலூர் பஸ் நிலையத்தில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். முதுநகர் தாண்டும்போது எதிரே ஒரு மினி லாரி வந்தது. டி, என், பி, ஜே. அதில் ஒரு வார்த்தை கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை கண் திறந்துவிடுவாள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது. தோன்றிய பிறகு நிறுத்த முடியவில்லை. வார்த்தை வரவில்லை. அதற்குள் அடுத்த வண்டி. டி, என், சி, யூ. இருபது வருஷமாக இங்கிலீஷ் கோப்பு பார்க்கிறவள் நான். ஒன்றுகூட வரவில்லை.

"எங்கம்மா எறங்கணும்?" என்று கண்டக்டர் நின்றார்.

"டி, என்..."

"அது வண்டிக்கு முன்னாடி எழுதியிருக்கும்மா. நீ எங்க போவணும்?"

பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் என் கையிலிருந்து ரூபாயை வாங்கி அவரிடம் கொடுத்தாள். "சிதம்பரம்னு போடுய்யா. அந்தம்மா மொகத்த பாத்தா தெரியல?" ஆலப்பாக்கம் வந்தது. புதுச்சத்திரம் வந்தது. அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பி.முட்லூரில் இறங்கும்போது, "ஒண்ணும் ஆவாது போ" என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சலைன் ஏறிக்கொண்டிருந்தது, உதடு வறண்டு வெடித்திருந்தது, என்னைப் பார்த்ததும் "தண்ணி" என்றாள். வேன் நின்ற இடத்தில் ஒரு புங்க மரம் இருந்தது, பத்து மணிவரை நிழல். பின் கண்ணாடி ஒன்று பழுதாகி இரண்டு விரற்கடை மூட முடியாமல் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார், நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது மறுநாள்தான் முழுதாகத் தெரிந்தது. இனியாவின் வகுப்பில் ஹர்ஷிதா என்றொரு பெண். பாய் வேனில் வந்தவள். புது வேனிலும் வருகிறாள். அந்தப் பழைய பதினான்கு பேரில் பதினொரு பேர் இந்தப் புது வேனில்தான் வருகிறார்கள். பாட்டுச் சத்தத்துக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், ஒன்றரை வருஷமாக அந்த விளையாட்டை அவர்கள் விடவே இல்லை. எனக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பிடிக்காது என்று இனியா என்னிடம் சொன்னதில்லை.

அன்று எழுத்து டி, என், ஏ, ஹெச். இனியா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்பதால் எலிஃபன்ட்டை யாரும் எடுக்கக் கூடாது, அவளுக்கு விட்டுவிட வேண்டும் என்று ஹர்ஷிதா சொல்லியிருக்கிறாள். பள்ளியில் இறங்கினார்கள். பாந்தர், மராத்தான், அனதர், தேங்க்ஸ். ஹர்ஷிதா தன் விரல் கணுக்களில் எண்ணினாள். பத்து. மணி அடித்துவிட்டது, எல்லோரும் ஓடினார்கள். வகுப்பில் இனியாவின் இடம் காலி.

"மிஸ், இனியா இன்னும் வரல."

"அவ லீவும்மா. அவங்க அம்மா மெசேஜ் போட்டிருக்காங்க."

"இல்ல மிஸ், வேன்ல ஏறுனா. எலிஃபன்ட் வரல மிஸ்."

"எலிஃபன்ட்டா? உக்காரு ஹர்ஷிதா."

வகுப்பே சிரித்தது. இரண்டாவது பாட வேளையில் மறுபடி எழுந்து அதையே சொன்னாள். இந்த முறை நிற்க வைத்துவிட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தின் பின்பக்கம் ஓடி, வேனின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சுற்றி வந்திருக்கிறாள். பதில் இல்லை. இனியாவின் பச்சைப் பை மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. காவலாளி கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தார்.

அந்த ஆசிரியை என்னிடம் வந்து அழுதார். மெசேஜ் என்னுடையது. மருந்து என்னுடையது. மனுவும் என்னுடையதுதான்.

இரண்டு வாரம் கழித்து பரங்கிப்பேட்டைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து, கடற்கரைக்குப் போகும் சந்தில் அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய மனைவி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"லெட்டர் எழுதுனது நீங்கதானா?"

"ஆமா."

"அவுங்க அதை வாங்கியாந்து எங்க மவகிட்ட குடுத்து படிக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. 'நல்லா எழுதியிருக்காங்க, ஒரு எடத்துல தப்பு இல்ல'ன்னாங்க."

அவர் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாய் எங்கே என்று கேட்டேன்.

"சவூதி. இனிமே அந்தப் பக்கமே தல வெச்சிப் படுக்க மாட்டேன்னு வந்த மனுசன். இங்க வண்டி போச்சு. வேற இன்னா பண்றது? போய் ஒரு வருசம் ஆவுது."

நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முன்பு சவூதியில் பாய் தொழிலாளர் பஸ் ஓட்டியபோது நடந்ததைச் சொன்னார். நேபாளி, பெங்காலி, மலையாளி, பாகிஸ்தானி என்று முப்பது பேர். ஒரு நாள் வேலைக்களத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, சாவியை அடுத்த ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். அவன் உள்ளே பார்க்காமல் பூட்டிவிட்டுப் போனான். கடைசி இருக்கையில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். மாலையில்தான் திறந்தார்கள்.

"பூட்டுனது இவுங்க இல்ல. கூட்டியாந்தது இவுங்க. அந்த ஆளு பேரு கூட இவுங்களுக்குத் தெரியாது, அதான் ஜாஸ்தி வேதனை. அதுக்கப்புறம்தான் இந்த எழுத்து. ஆளுக்கு ஒரு பாஷை பேசுற எடம். எல்லாருக்கும் தெரிஞ்சது வண்டி நம்பர்ல இருக்குற இங்கிலீஷ் எழுத்துதான். எறங்கும்போது ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவணும். அவனுங்களும் சிரிச்சானுங்களாம்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"புள்ளைங்கள பெத்தவுங்ககிட்ட போயி செத்தவன் கதைய சொல்லுவாங்களா? அப்புறம் யாரு இவுங்களை நம்பி புள்ளைய ஏத்துவா?"

நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் அவர் யாரையாவது படிக்கச் சொல்ல வேண்டும், என் எழுத்தை அவர் ஏற்கெனவே ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டார். அதனால் குரலாகவே பதிவு செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். வந்தது அலுவலக அறிக்கை மாதிரி இருந்தது. தேதி, நேரம், இருக்கை, மரம், கண்ணாடி. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

"இனியா அம்மா, கேட்டேன். பாப்பா இப்ப சாப்புடுதா? தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுங்க. கண்ணாடி ரெண்டு வெரல் தெறந்திருந்துச்சுன்னீங்களே, எந்தப் பக்கம்? காத்து வர்ற பக்கமா? அல்ஹம்துலில்லாஹ். ஹர்ஷிதா பாப்பாவ கேட்டதா சொல்லுங்க."

மனுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்காக அதை நான்கு தடவை கேட்டேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது.

"அன்னிக்கு எழுத்து இன்னா?"

டி, என், ஏ, ஹெச் என்று சொல்லி அனுப்பினேன்.

"அப்போ பாப்பாவோடது பாக்கி இருக்கு. சொல்லச் சொல்லுங்க."

அந்த நாளைப் பற்றி இனியா அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கதவு உள்ள எந்த வண்டியிலும் ஏற மறுத்தாள். நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, அனுமதி போட்டு, தாமதமாகக் கடலூர் போய்க்கொண்டிருந்தேன். வகுப்புக்குள் அவள் போய் உட்காரும்வரை ஜன்னலோரம் நிற்பேன். பஸ்ஸில் ஏறியதும் பள்ளிக்குப் போன் செய்வேன். புதுச்சத்திரத்தில் இன்னொரு முறை. இப்போதும் செய்கிறேன். அவர்கள் எரிச்சல்படுவது குரலில் தெரிகிறது. நிறுத்த முடியவில்லை.

அவளிடம் போனைக் கொடுத்து அவருடைய குரலைக் கேட்க வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிறகு கேட்டாள், "எலிஃபன்ட்ட யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

"இல்ல. உனக்குன்னு விட்டு வெச்சிருந்தாங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். இரண்டு காலையும் தரையில் சேர்த்து வைத்தாள். நான் பதிவு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரல் நழுவி ஒரு முறை விட்டுப்போய், மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"எலிஃபன்ட், மாமா. இ, எல், இ, பி, ஹெச், ஏ, என், டி."

அனுப்பினேன். அன்று முழுவதும் பதில் இல்லை. அவர் வண்டியில் இருப்பார், பார்த்திருக்க மாட்டார், பிடிக்கவில்லையோ, போனைத் தொலைத்துவிட்டாரோ என்று எனக்குத் தெரிந்த எல்லாக் காரணங்களையும் யோசித்து முடித்தேன். மறுநாள் காலை, இனியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வந்தது. பதினொரு விநாடிதான். முதலில் காற்றின் இரைச்சல். யாரோ தூரத்தில் ஏதோ ஒரு பாஷையில் கூப்பிடுகிறார்கள். இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு தகரத்தில் உள்ளங்கை விழும் சத்தம், இரண்டு தடவை.

"எல்லாம் எறங்கியாச்சு."